ஃபிராக்கிங்: நிறுத்திவைத்தால் போதாது (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஆழத்துப் பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் ஃபிராக்கிங்கை இங்கிலாந்தில் நிரந்தரமாகத் தடைசெய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சொந்த மண்ணுக்கடியில் வாயு இருக்கும்போது அமெரிக்காவிலிருந்தும் கத்தாரிலிருந்தும் கப்பலில் வாங்கி எரிப்பது என்ன நியாயம்? நிலக்கரியைவிட வாயு மேல்தானே? காற்றே வீசாத குளிர்கால இரவில் என்ன செய்வது? விதிகளைக் கடுமையாக்கிவிட்டு அனுமதிக்கலாமே?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விதிகள் அங்கே கடுமையாகத்தான் இருந்தன. 2011ல் வடமேற்கு இங்கிலாந்தின் பிளாக்பூல் அருகே ஃபிராக்கிங் செய்தபோது 2.3 அளவில் நிலம் அதிர்ந்தது. அதன்பிறகு, 0.5 அளவைத் தாண்டினாலே வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தார்கள். மேலே நிற்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாத அதிர்வு அது. 2019 ஆகஸ்டில் அதே பகுதியில், லங்காஷயர் மாவட்டத்தின் பிரஸ்டன் நியூ ரோடு கிணற்றில், 21ஆம் தேதி ஏற்பட்ட அதிர்வுக்குப் பிறகு நீர் செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள். 26ஆம் தேதி காலை 2.9 அளவில் நிலம் அதிர்ந்தது. பம்புகள் ஓடாதபோது! சுற்றுவட்டார வீடுகள் குலுங்கின.

இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, நீரையும் மணலையும் ரசாயனங்களையும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். அங்கே ஏற்கனவே இருக்கும் பிளவுக்கோடு எப்போது நழுவும், எவ்வளவு நழுவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று ஒழுங்குமுறை ஆணையமே அறிக்கை கொடுத்தது. அதை வைத்துத்தான் அந்த நவம்பரில் அரசு அனுமதியை நிறுத்திவைத்தது. இதற்குமேல் எந்த விதியை இறுக்குவது?

அப்புறம், செலுத்திய நீரில் ஒரு பகுதி மேலே திரும்பி வரும். கரிக்கும் உப்போடும், பாறையில் கிடந்த கதிரியக்க ரேடியத்தோடும் வரும். அதை எங்கே கொண்டுபோய் விடுவது? அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்துக்குள் இறக்கிக்கொண்டே இருந்தார்கள். 2016ல் அங்கே 5.8 அளவில் நிலநடுக்கம் வந்தது.

வாயு மேல் என்பது எரியும் இடத்தை மட்டும் பார்த்தால் சரி. வழியில் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். அதோடு, பிரிட்டனில் இப்போது நிலக்கரியோடு ஒப்பிடவே இடமில்லை. 2012ல் அதன் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தந்த நிலக்கரி, 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி அனல்மின் நிலையம் மூடப்பட்டதோடு முடிந்தது. அந்த இடத்தில் பெரும்பங்கைப் பிடித்தது காற்றாலை.

இறக்குமதி பற்றிய உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. வாயுவைத் திரவமாக்கிக் கடல் கடத்துவதில் வீணாகும் ஆற்றல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் லங்காஷயரில் எடுத்த வாயு லங்காஷயர்காரருக்கு மலிவாகக் கிடைத்துவிடாது. எடுக்கும் நிறுவனம் ஐரோப்பியச் சந்தை விலைக்குத்தான் விற்கும். நூற்றுக்கணக்கான கிணறுகள் தோண்டினாலும் அந்த விலை சீக்கிரத்தில் இறங்காது என்று 2022 தொடக்கத்தில் எழுதியவர், அப்போது எரிசக்தித் துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சர் குவாசி குவார்ட்டெங். தோண்டிய கிணறும் நிலைக்காது. ஷேல் என்ற இந்த வாயுப் பாறையில் தோண்டும் கிணற்றின் விளைச்சல் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே விழுந்துவிடும். அடுத்த கிணறு, அதற்கடுத்த கிணறு என்று வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

காற்றில்லாத இரவுக்கு இன்னும் சில காலம் வாயு நிலையங்கள் தேவைப்படும், ஒப்புக்கொள்கிறேன். ஃபிராக்கிங்கைத் தடைசெய்தால் அவை நின்றுவிடாது. புதிதாகப் போடும் பணம் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. நார்வேயின் நீர்மின்சாரத்தைக் கொண்டுவரும் 720 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2021ல் ஓடத் தொடங்கிவிட்டது. பேட்டரிகள் வருகின்றன. பிரிட்டனில் வாயுவில் கணிசமான பகுதி வீடுகளைச் சூடாக வைக்கச் செலவாகிறது. சுவரிலும் கூரையிலும் வெப்பம் வெளியேறாமல் அடைத்தாலே எவ்வளவோ மிச்சமாகும்.

சரி, நிறுத்திவைத்தால் போதாதா, சட்டம் எதற்கு? 2022 செப்டம்பரில் லிஸ் ட்ரஸ் பிரதமராக வந்தார், தடையை நீக்கினார். அடுத்த மாதமே ரிஷி சுனக் வந்து திரும்பப் போட்டார். பிரதமர் மாறினால் மாறும் ஒன்றை நம்பி அங்கே யார் நிம்மதியாக இருக்க முடியும்? பிரான்ஸ் 2011லேயே தடையைச் சட்டமாக்கிவிட்டது. லங்காஷயரின் உள்ளாட்சிக் கவுன்சில் 2015ல் அந்தப் பிரஸ்டன் நியூ ரோடு கிணற்றுக்கு அனுமதி மறுத்தது. மறு ஆண்டே லண்டனிலிருந்து அமைச்சர் அதைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து வீடு குலுங்கியது அமைச்சருக்கு அல்ல, வேண்டாம் என்று சொன்ன அந்த ஊர்க்காரர்களுக்கு.