குழந்தை உரிமைப் பணி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: பசித்த குழந்தைக்கு உணவளிப்பது அறம். அதற்கு உரிமை என்ற பெரிய சொல் எதற்கு, அம்மா?

பதில்: அறம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது, மனம் மாறினால் உணவும் நின்றுவிடும். உரிமை என்று வந்துவிட்டால், ஏன் தரவில்லை என்று கேட்கவும் வழியுண்டு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அரசும் உண்டு. இதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகும் நீடித்த முற்றுகையால் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் குழந்தைகள் பட்டினி கிடந்தபோது, மெலிந்த குழந்தையொன்றின் படத்தைத் துண்டறிக்கையில் அச்சிட்டு லண்டனில் வழங்கியதற்காக 1919இல் அவர் கைதாகி, 5 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டார். அதே ஆண்டில் தங்கை டோரதி பக்ஸ்டனுடன் சேர்ந்து சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பைத் தொடங்கினார். நிதி திரட்டியதோடு அவர் நின்றிருந்தால் இன்று அவரை இவ்வளவு நினைவுகூர மாட்டோம். அவர் வரைந்த ஐந்து கூறுகள் கொண்ட சாசனத்தை 1924இல், ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் ஏற்றது. அந்த வழியில் வந்ததுதான் 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. அமெரிக்கா மட்டும் கையெழுத்திட்டும் இன்றுவரை அதற்குச் சட்ட ஒப்புதல் தரவில்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. விடுமுறையில் இரண்டு வாரம் வெளிநாட்டு அநாதை இல்லமொன்றில் தொண்டு செய்ய எண்ணியிருக்கிறேன். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: செல்ல வேண்டாம் என்பதே என் ஆலோசனை, உங்கள் நல்லெண்ணத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அத்தகைய இல்லத்தின் வாசலில் நீங்கள் காலெடுத்து வைத்ததும், முன்பின் அறியாத உங்களிடம் ஒரு குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். நமக்கு நெஞ்சு நெகிழும். ஆனால் வீட்டில் வளரும் குழந்தை புதியவரைக் கண்டால் தாயின் பின்னால்தான் ஒளியும். எவரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒருவரிடம் பற்று வைக்க வாய்ப்பில்லாமல் போனதற்கான அறிகுறியாக இருக்கக்கூடும் என்று குழந்தை உளவியல் கூறுகிறது. பதினைந்தாம் நாள் நீங்களும் கிளம்பிவிடுவீர்கள்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய ஆய்வொன்றில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளுள் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துக்குச் சென்றவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினர். அதிலும் ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் சென்றவர்களே மிகுதியாகத் தேறினர். இன்னொன்றையும் கருதுங்கள்: இவ்வகை இல்லங்களில் இருக்கும் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் உள்ளனர். வறுமையாலோ, ஊனமுற்ற குழந்தையைக் கவனிக்க வழியில்லாமலோ, படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையிலோ விட்டுச் சென்றவர்கள் அவர்கள். பார்வையாளரும் பணமும் பெருகும் இடத்தில் இல்லங்கள் பெருகுகின்றன. இல்லங்களை நிரப்பக் குழந்தைகள் தேடப்படுகின்றனர். அந்தப் பணம் தாயின் கையில் சேர்ந்திருந்தால் குழந்தை வீட்டிலேயே வளர்ந்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் குழந்தையைக் குடும்பத்தோடு வைத்தே உதவிய பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

பதில்: கடும் ஊட்டக்குறைக்கான சிகிச்சையைச் சொல்வேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஒரு வண்ண நாடாவைச் சுற்றுவார்கள். அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறை; 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார். முன்பெல்லாம் சிவப்பில் விழும் குழந்தையுடன் தாய் வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. வீட்டில் மற்றப் பிள்ளைகள் கவனிப்பாரின்றி இருப்பார்கள். 1990களில் உருவான வேர்க்கடலைப் பசை உணவு அந்த நிலையை மாற்றியது. 92 கிராம் பொட்டலம் ஒன்றில் சுமார் 500 கலோரி உண்டு; தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், மூலையைக் கிழித்துக் குழந்தையே உறிஞ்சிச் சாப்பிடலாம். வேறு நோய்ச் சிக்கல் இல்லாத, பசியெடுக்கும் குழந்தைகள் இப்போது வீட்டிலிருந்தபடியே தேறுகிறார்கள்.

கேள்வி: பேரிடரில் பெற்றோரை இழந்த குழந்தையை உடனே தத்தெடுக்கலாமா?

பதில்: கூடாது. முதல் வேலை குடும்பத்தைத் தேடுவதுதான். 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் நேர்ந்த சில வாரங்களுக்குள், 33 குழந்தைகளை எல்லை கடத்திச் செல்ல முயன்ற வெளிநாட்டுக் குழுவினர் கைது செய்யப்பட்டனர். அக்குழந்தைகளுள் பலருக்குப் பெற்றோர் இருந்தது பின்னர் தெரியவந்தது.

கேள்வி: நன்கொடை தருமுன் எதைப் பார்க்க வேண்டும்? நிர்வாகச் செலவு குறைவாக இருப்பது நல்ல அடையாளம்தானே?

பதில்: அதை மட்டும் நம்பாதீர்கள். பணியாளரின் பின்னணியை விசாரிப்பதும், குழந்தை அஞ்சாமல் முறையிட ஓர் ஆளை வைப்பதும், வீடு திரும்பிய குழந்தையை ஓராண்டுக் காலம் நேரில் போய்ப் பார்த்துவருவதும் கணக்கேட்டில் நிர்வாகச் செலவாகவே வரும். ஆண்டறிக்கையில் எத்தனை குழந்தைகள் சேர்க்கப்பட்டனர் என்பதைவிட எத்தனை பேர் குடும்பத்துக்குத் திரும்பினர் என்று தேடுங்கள். அந்த எண்ணே இல்லையெனில் கடிதம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: குழந்தைகளின் படங்களை வெளியிட வேண்டாம் என்கிறீர்கள். ஜெப் அம்மையார் வெளியிட்டாரே?

பதில்: நல்ல மடக்கல். அந்தத் துண்டறிக்கையை இன்று என் மேசைக்குக் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்றைய தாள் கசங்கிக் குப்பைக்குப் போனது; இன்று இணையத்தில் ஏறும் படம், அக்குழந்தை வளர்ந்து வேலை தேடும் நாளிலும் கிடக்கும். படமே கூடாதென்பதன்று. குழந்தையும் பெற்றோரும் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும், வேண்டாமென்று பின்னர் சொன்னால் நீக்க வேண்டும். முகமும் பெயரும் ஊரும் ஒருசேர வரக்கூடாது. பள்ளிச் சீருடையின் முத்திரையைக்கூட மறைத்துவிடச் சொல்வேன்.