வாசகர் கேள்வி, எங்கள் பதில்: முதல் நாள் ஆட்டம்

கேள்வி: உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டத்தை ஒவ்வொரு முறையும் தவறாமல் பார்ப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அவற்றுள் உங்கள் மனத்தை விட்டு அகலாத ஆட்டம் எது?

பதில்: 1990 ஜூன் 8 அன்று மிலான் நகரில் கேமரூன் அணி அர்ஜென்டினாவை வென்ற ஆட்டம்தான். மரடோனாவின் தலைமையில் நடப்பு சாம்பியனாக வந்திருந்த அணி எத்தனை கோல் அடிக்கும் என்பதைத் தவிர அன்று எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. 61ஆவது நிமிடத்தில் ஆந்த்ரே கானா பியிக் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபோது, கேமரூனின் கதை முடிந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். ஆறே நிமிடங்களில் அவருடைய சகோதரர் ஃபிரான்சுவா ஒமாம் பியிக், காவலுக்கு நின்றவரின் தலைக்கு மேலே எம்பிப் பந்தைத் தலையால் முட்டினார். அதில் பெரிய வேகம் எதுவும் இல்லை. பந்து நேராகக் கோல்கீப்பர் பும்பிதோவிடம்தான் சென்றது, ஆனால் அவரிடம் பிடிபடாமல் நழுவிக் கோட்டைத் தாண்டிவிட்டது. இறுதிக் கட்டத்தில் இருவரைக் கடந்து ஓடிய அர்ஜென்டினாவின் கனிஜியாவைக் கேமரூனின் மாசிங் மோதிச் சாய்த்த வேகத்தில், மோதியவரின் காலணியே கழன்று பறந்தது. அந்த முரட்டு ஆட்டத்துக்கு நான் பரிந்து பேச மாட்டேன். அவரும் வெளியேற்றப்பட்ட பின், எஞ்சிய ஒன்பது பேருடன் கேமரூன் 1-0 என்ற வெற்றியைக் காத்துக்கொண்டது.

என்னைவிட மூத்த ரசிகர்களுக்கு இப்படிப்பட்ட முதல் நாள் வாய்க்கவில்லை. 1966 முதல் 1978 வரை நடந்த நான்கு தொடக்க ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விழவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிடக் கூடாது என்ற அச்சத்தில் இரு அணிகளும் பின்னால் கூடி நின்றால் வேறென்ன நடக்கும்?

கேள்வி: தொடக்க ஆட்டத்தில் தோற்ற நடப்பு சாம்பியன் பிறகு தலைதூக்க முடியுமா?

பதில்: அர்ஜென்டினா அதே 1990இல் இறுதி ஆட்டம் வரை சென்றது. 2002இல் பிரான்ஸுக்கு அது கைகூடவில்லை. சியோலில் நடந்த ஆட்டத்தில் செனகலின் பாப்பா பூபா தியோப், தரையில் விழுந்த நிலையிலேயே பந்தை வலைக்குள் தள்ளினார். பிறகு தம் சட்டையைக் கழற்றிக் கொடிக்கம்பத்தின் அருகே விரித்துவைத்து, தோழர்களுடன் அதைச் சுற்றி ஆடினார். மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் பிரான்ஸ் ஊர் திரும்பியது.

1974 முதல் 2002 வரை நடப்பு சாம்பியனே தொடக்க ஆட்டத்தில் ஆடுவது வழக்கமாக இருந்தது. அந்த எட்டு ஆட்டங்களில் சாம்பியன் வென்றவை இரண்டே: 1994இல் ஜெர்மனி, 1998இல் பிரேசில். 2006 முதல் அந்த இடம் போட்டியை நடத்தும் நாட்டுக்குச் சென்றுவிட்டது. பெரிய அணி முதல் நாளே தடுமாறுவதைக் காணும் சுகம் போய்விட்டதே என்று எனக்குச் சிறு வருத்தம். இருந்தாலும் 2022இல் கத்தார் 0-2 என்று ஈக்வடாரிடம் தோற்றபோது, போட்டியை நடத்தும் நாடு தன் முதல் ஆட்டத்திலேயே தோற்பதை முதன்முறையாகப் பார்த்தேன்.