மவுஸ் பிடிச்சு மணிக்கட்டுல ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் கை இழுத்து வலிக்குது, டேபிள்ல மாட்டுற ஆர்ம் சப்போர்ட் வாங்கலாமா, இல்ல ஜெல் ரிஸ்ட் பேட் போதுமா? ஒரு கைக்கு போதுமா, ரெண்டு கைக்கும் வேணுமா?

வாங்கலாமுங்க. ஆனா ரிஸ்ட் பேடும் ஆர்ம் சப்போர்ட்டும் ஒன்னு கிடையாது, ரெண்டும் வேற வேற வேலைக்கு. மணிக்கட்டுல ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் இழுக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா சப்போர்ட் வேண்டியது மணிக்கட்டுக்கு இல்ல, முன்கைக்கு. முழங்கைக்கு கீழ சதைப்பிடிப்பா இருக்கற இடம் இருக்குல்ல, அங்க. அதுவும் சரியான உயரத்துல. உயரம் சரியில்லைன்னா எவ்ளோ காசு போட்டு வாங்கினாலும் வலி கூடத்தான் செய்யும், இதை மட்டும் முதல்ல மனசுல வச்சுக்கோங்க.

நான் திருப்பூர்ல ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியோட CAD ரூம்ல, அதாவது கம்ப்யூட்டர்ல டிசைன் போடற ரூம்ல, பேட்டர்ன், கிரேடிங் (ஒரு சைஸ் பேட்டர்னை மத்த சைஸுக்கும் மாத்தறது), மார்க்கர் போடற வேலைல இருக்கேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், மார்க்கர்ங்கறது துணியோட அகலத்துக்குள்ள முன்பக்கம், பின்பக்கம், ஸ்லீவ்னு எல்லா சைஸ் பீஸையும் இடம் விடாம நெருக்கி அடுக்கறது, அதை பிளாட்டர்ங்கற பெரிய பிரிண்டர்ல பிரிண்ட் எடுத்துத்தான் கட்டிங்குக்கு குடுப்போம். சாஃப்ட்வேரே ஆட்டோமேட்டிக்கா அடுக்கி குடுத்துரும்தான், ஆனா எஃபிசியன்சில இன்னும் ஒரு பர்சென்ட் கிடைச்சா பெரிய ஆர்டர்ல எவ்ளோ துணி மிச்சமாகும், அதுக்காக கையாலயும் நகர்த்தி நகர்த்தி பார்ப்போம். அதாவது பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இழுக்கறது, விடறது, திருப்பறது, மறுபடி இழுக்கறது, காலையில இருந்து பிளாட்டர் ஆஃப் பண்ற வரைக்கும் இதேதான். இந்த ரூம்ல வலி இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை, எனக்கும் வலது தோள்லயும் முன்கை மேல்பக்கமும் நல்லாவே இருந்துச்சு, அதனால இந்த விஷயத்தை விடாம படிச்சு, ரூம்ல ஒவ்வொருத்தர் சீட்லயும் மாத்தி மாத்தி போட்டுப் பார்த்து தெரிஞ்சுக்கிட்டதுதான் இங்க எழுதறது.

ஏன் தோள் வலிக்குதுன்னு பார்ப்போம். ஒரு கையோட எடை நம்ம உடம்பு எடைல கிட்டத்தட்ட 5 சதவீதம், 60 கிலோ இருக்கறவங்களுக்கு கை ஒன்னு மட்டும் சுமார் 3 கிலோ. அந்த கையை முன்னாடி நீட்டி மவுஸ் மேல வச்சுட்டு முழங்கைக்கு அடியில ஒன்னுமே இல்லைன்னா அந்த எடையை பிடிச்சுட்டு நிக்கறது யாரு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற ட்ரெபீசியஸ் தசைதான். நடக்கும்போது கால் தசை சுருங்கி விரியுது, ரத்தம் ஓடுது. இங்க அப்படி இல்ல, லேசா சுருங்கின மாதிரியே மணிக்கணக்கா நிக்குது, ரத்த ஓட்டம் குறையுது, சாயங்காலம் கை வச்சுப் பார்த்தா அந்த இடம் கல்லு மாதிரி இருக்கும். வெயிட் தூக்கற வேலையா இருந்தா நமக்கே தெரிஞ்சு இறக்கி வச்சிருவோம், இது தெரியறதே இல்லை.

மணிக்கட்டு கதை வேற. உள்ளங்கை பக்கம் மணிக்கட்டுல கார்பல் டனல்னு ஒரு குறுகலான வழி இருக்கு, விரலை மடக்கற தசைநாண் ஒன்பதும் மீடியன் நரம்பும் சேர்ந்து அது வழியாத்தான் போகுது. ஜெல் பேட்ல மணிக்கட்டை அழுத்தி வச்சுக்கிட்டு மவுஸை ஆட்டினா சரியா அந்த வழி மேலதான் அழுத்தம் விழுது, அதோட கை ஊனி நிக்கறதால முன்கை நகராது, மணிக்கட்டு மட்டும் வலதும் இடதுமா ஒடிஞ்சு ஒடிஞ்சு வேலை செய்யும். மவுஸ் பிடிக்கும்போது இந்த டனலுக்குள்ள பிரஷர் எவ்ளோ ஏறுதுன்னு 1999லயே அளந்து பார்த்திருக்காங்க, மவுஸ் மேல சும்மா கை வச்சிருக்கறதை விட இழுக்கற வேலைல ரொம்ப அதிகம். எங்க மார்க்கர் வேலை முழுக்க அதுதானே. அதனால ஜெல் பேட் வச்சிருக்கீங்கன்னா தூக்கிப் போட வேணாம், ஸ்க்ரீனை பார்த்து யோசிக்கற நேரத்துல கை வைக்க வச்சுக்கோங்க, மவுஸ் ஓடற நேரத்துல மணிக்கட்டு எதுலயும் அழுந்தாம ஃப்ரீயா இருக்கணும். உள்ளங்கை அடிப்பக்கம் மவுஸோட சேர்ந்து லேசா வழுக்கிட்டு போனா போதும்.

ஆர்ம் சப்போர்ட் நெஜமாவே வேலை செய்யுதாங்கறதுக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. 2006ல டேவிட் ரெம்பல்னு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல இருந்தவரும் அவர் கூட இருந்தவங்களும் கால் சென்டர்ல வேலை செய்யற 182 பேரை குழுவா பிரிச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க. சிலருக்கு எப்படி உக்காரணும்ங்கற ட்ரெயினிங் மட்டும், சிலருக்கு அதோட டேபிள் ஓரத்துல மாட்டற அகலமான முன்கை பலகை. பலகை கிடைச்சவங்களுக்கு கழுத்து, தோள் வலியும் வலது கை வலியும் குறைஞ்சுது. இதுல எனக்கு பிடிச்சது என்னன்னா அவங்க குடுத்தது விலை கூடின சேர் இல்லை, வெறும் ஒரு பலகை.

இப்ப உயரம். இங்கதான் பெரும்பாலும் கோட்டை விடறாங்க. நம்ம ஊர் ஆபீஸ் டேபிள் எல்லாம் ஏறக்குறைய 29, 30 இஞ்ச். அஞ்சடி உயரம் இருக்கற ஒரு பொண்ணு கால் தரையில படற மாதிரி உக்காந்தா முழங்கை உயரம் தரையில இருந்து சுமார் 24, 25 இஞ்ச்தான் வரும். அப்போ டேபிள் அஞ்சு இஞ்ச் மேல நிக்குது. மவுஸை பிடிக்கணும்னா தோளை தூக்கித்தான் ஆகணும், வேற வழியே இல்லை. இதுக்கு மேல கிளாம்ப் போட்டு மாட்டற சப்போர்ட்ல பேட் டேபிளை விட ஒரு இஞ்ச் மேலதான் உக்காரும், சில மாடல்ல அதுக்கும் மேல. அப்ப தோள் இன்னும் ஏறும். ஆர்ம் சப்போர்ட் வாங்கி வலி கூடிப் போச்சுன்னு சொல்றவங்க சீட்டை போய் பாருங்க, முக்காவாசி இதுதான் காரணமா இருக்கும்.

எங்க ரூம்ல கிரேடிங் பார்க்கற ஒரு அக்காவுக்கு இப்படித்தான். அவங்களை பின்னாடி நின்னு பார்த்தா வலது தோள் இடது தோளை விட நல்லா மேல இருக்கும், காது பக்கத்துல வந்து நிக்கும், ஆனா அவங்களுக்கு அது தெரியவே இல்லை, நேராத்தான் உக்காந்திருக்கேன்னு சொன்னாங்க. ஃபோன்ல பின்னாடி இருந்து வீடியோ எடுத்து காட்டினதும்தான் அமைதியா பார்த்தாங்க. சேரை டேபிளுக்கு ஏத்த மாதிரி ஏத்தினோம், கால் தொங்குச்சு, ஆசாரிகிட்ட சொல்லி பாதம் முழுசா பதியற மாதிரி சாய்வா ஒரு பலகை அடிச்சு கீழ போட்டோம், அதுக்கப்புறம்தான் ஆர்ம் சப்போர்ட்டை மாட்டினோம். ஏதாவது பெட்டியை போட்டு காலை வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, நூல் கோன் வர்ற அட்டைப்பெட்டி எல்லாம் ஒரு வாரத்துல நசுங்கிரும். நீங்களும் அந்த வீடியோ டெஸ்ட் பண்ணிப் பாருங்க, கேமரா வச்சிருக்கறதை மறந்து வேலை செய்யற மாதிரி ஒரு பத்து நிமிஷம் ஓட விடுங்க.

அளவு எடுக்கறது ஈஸிதான். கால் தரையில (இல்ல பலகையில) பதிஞ்சு உக்காந்து, ரெண்டு கையையும் பக்கத்துல தொங்க விட்டு, தோளை தூக்காம முழங்கையை மட்டும் மடக்குங்க. முழங்கை அடிப்பாகம் எந்த உயரத்துல இருக்கோ பேட் அந்த உயரத்துல வரணும். கை வச்சதும் தோள்ல இருந்து பாரம் இறங்கின மாதிரி தெரியணும். தோள் மேல தள்ளப்பட்டா உயரம் கூட, ஒரு பக்கமா சாய்ஞ்சு உக்கார வேண்டியிருந்தா உயரம் கம்மி.

வாங்கறதுக்கு முன்னாடி இன்னொன்னு, செலவே இல்லாம டேபிளையே சப்போர்ட்டா ஆக்கலாம். கீபோர்டையும் மவுஸையும் இன்னும் உள்ள தள்ளி வச்சு, சேரை நல்லா முன்னாடி இழுத்து வயிறு டேபிள் ஓரத்துக்கு பக்கத்துல வர்ற மாதிரி உக்காந்தா முன்கைல பாதிக்கு மேல டேபிள்லயே படுத்துரும். இதுக்கு ரெண்டு தடை வரும். ஒன்னு, சேர் கைப்பிடி டேபிள் ஓரத்துல முட்டி உங்களை தூரத்துலயே நிறுத்தும், கைப்பிடியை கீழ இறக்குங்க, இறங்காத டைப்னா ஆலன் கீ வச்சு கழட்டியே விடுங்க, எங்க ரூம்ல பாதி சேருக்கு இப்ப கைப்பிடி கிடையாது. ரெண்டாவது, டேபிள் ஓரம் கூரா இருந்தா முன்கைல அழுந்தி கோடு விழும், அதுக்கு ஏசி காப்பர் பைப் மேல போடற கருப்பு ஃபோம் குழாய் ஹார்ட்வேர் கடையில கிடைக்கும், நீளவாக்குல கத்தியால ஒரு கீறல் போட்டு டேபிள் ஓரத்துல மாட்டிருங்க, அருமையா உக்காரும். டேபிள்ல இடம் இருக்கு, உயரமும் ஒத்து வருதுன்னா இதுவே போதும், கிளாம்ப் சப்போர்ட் தேவையே படாது. டேபிள் ஒடுக்கமா இருக்கு, கீபோர்டை உள்ள தள்ள முடியலைன்னா அப்பத்தான் வாங்கணும்.

வாங்கறதுல ரெண்டு டைப் இருக்கு. ஒன்னு டேபிள் ஓரத்தை நீட்டிக் குடுக்கற மாதிரி அசையாத பலகை, இன்னொன்னு மடங்கற மூட்டு வச்சு முன்கையோட சேர்ந்து சுத்தற டைப். பின்லாந்துல செய்யற எர்கோரெஸ்ட் எல்லாம் இந்த ரெண்டாவது டைப்தான், அதே ஐடியால விலை கம்மியாவும் ஆன்லைன்ல நிறைய வருது. மார்க்கர் மாதிரி கை அகலமா ஓடற வேலைக்கு சுத்தற டைப் நல்லா இருக்கு, ஆனா மூட்டு வெண்ணெயா ஓடணும், இறுக்கமா இருந்தா ஒவ்வொரு தடவையும் அதை தள்றதுக்கு தோள்தான் வேலை செய்யும், அப்புறம் எதுக்கு சப்போர்ட். டைப்பிங் அதிகம், மவுஸ் கம்மின்னா அசையாத பலகையே நல்லது.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி டேபிள் பலகை எவ்ளோ கனம்னு அளந்து கிளாம்ப் அவ்ளோ விரியுமான்னு பாருங்க, டேபிளுக்கு அடியில அந்த இடத்துல டிராயரோ இரும்பு சட்டமோ இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, இருந்தா கிளாம்ப் பிடிக்காது. கண்ணாடி டேபிள்ல மாட்டவே வேணாம். பார்ட்டிக்கிள் போர்டுன்னா மேலயும் கீழயும் சின்ன பிளைவுட் துண்டு வச்சு முறுக்குங்க, இல்லைன்னா ஓரம் பெயர்ந்துரும். பேட் பெரும்பாலும் ரெக்ஸின்தான், நம்ம வெயிலுக்கு வேர்த்து ஒட்டும், மேல காட்டன் பனியன் துணி சுத்திக்கோங்க. முக்கியமா பேட்ல படவேண்டியது சதை, முழங்கை எலும்பு இல்ல. முழங்கைக்கு உள்பக்கம் இடிச்சா ஷாக் அடிக்கற மாதிரி இருக்கும்ல, அது அல்நார் நரம்பு, அதை நாள் முழுக்க பேட்ல அழுத்தினா சுண்டுவிரல் மரத்துப் போக ஆரம்பிக்கும்.

சப்போர்ட் மாட்டியும் தோள் விடலைன்னா மவுஸ் எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாருங்க. ஃபுல் சைஸ் கீபோர்டுல நம்பர் பேட் இருக்கறதால மவுஸ் வலது பக்கம் தள்ளிப் போகுது, கை வெளியில விரிஞ்சே இருக்கும். நம்பர் பேட் இல்லாத கீபோர்டு போட்டா மூணு நாலு இஞ்ச் உள்ள வந்துரும், சப்போர்ட்டை விட இது சிலருக்கு அதிகமா கை குடுக்குது. இழுக்கற வேலை அதிகம்னா விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸ்ல கிளிக்லாக்னு ஒன்னு இருக்கு, அதை ஆன் பண்ணினா ஒரு செகண்ட் அமுக்கி விட்டா போதும், விரலை விட்டாலும் பீஸ் பிடிச்ச பிடியா வரும், ஆள்காட்டி விரலுக்கு பெரிய நிம்மதி. வெர்டிகல் மவுஸ் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, லாஜிடெக் எம்எக்ஸ் வெர்டிகல் 57 டிகிரி சாய்வுல கை குலுக்கற மாதிரி பிடிக்கறது, முன்கை முறுக்கு குறையுது, மணிக்கட்டுக்கு நல்லது, ஆனா கையோட எடையை அது தாங்காது, தோள் வலிக்கு அதை நம்பி வாங்காதீங்க.

வெறும் வலி இல்லாம மரத்துப் போறதும் இருந்தா சப்போர்ட் தேடிட்டு இருக்காதீங்க, டாக்டரை பாருங்க. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு கையை உதறினா சரியாகுதுன்னா அது மீடியன் நரம்பு, சுகர், தைராய்டு இருக்கறவங்களுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் இது வர வாய்ப்பு கூட. டம்ளர் நழுவுது, சட்டை பட்டன் போட கஷ்டமா இருக்குன்னா தள்ளிப் போடவே கூடாது, நரம்பு டெஸ்ட் எடுத்துப் பார்த்துருவாங்க.

ஒரு கைக்கா ரெண்டு கைக்கான்னு கேட்டீங்கள்ல, மவுஸ் கைக்கு மட்டும் வாங்குங்க, போதும். ஆனா வலது கை பேட் மேல ஒரு இஞ்ச் உயரத்துல, இடது கை டேபிள்லன்னு இருந்தா உடம்பு இடது பக்கம் சாயும், அதனால இடது முன்கைக்கு கீழ அதே கனத்துக்கு ஒரு துண்டை மடிச்சு வச்சுக்கோங்க. அப்புறம் பின்னாடி இருந்து இன்னொரு வீடியோ எடுத்துப் பாருங்க, ரெண்டு தோளும் ஒரே மட்டத்துல இருந்தா உயரம் செட் ஆயிருச்சு.