ஒரே மாதிரி மாடல்கள், பொதுவான ஃபீல்டுகள்: ஜாங்கோ கேள்வி-பதில்

நெல் கொள்முதல் கணக்குக்கு ஜாங்கோவில் (பைதான் மொழியில் வலைத்தளம் கட்டும் கருவி) குறுவை, சம்பா, தாளடி எனப் பருவத்துக்கு ஒன்றாக மூன்று மாடல் (ஒவ்வொன்றும் ஒரு டேபிள்) வைத்திருக்கிறேன். விவசாயி, கிராமம், மூட்டை, ஈரப்பதம் என்ற ஃபீல்டுகள் (டேபிளின் நெடுவரிசைகள்) எல்லாம் மூன்றிலும் ஒன்றே. அவற்றை ஒரே இடத்தில் எழுதி மூன்றும் வாரிசாகப் பெற, ஒரு பேஸ் கிளாஸ் (தாய் கிளாஸ்) போடலாமா? (கும்பகோணம்)

வேண்டாம். மாடல் ஒன்றே போதும். பருவம் அதில் ஒரு ஃபீல்டு. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் ஒரே நிலையத்தில் வந்து இறங்கும்போது, பதிபவர் பருவத்தை மாற்றித் தட்டிவிடுவது சகஜம். ஒரே டேபிள் என்றால் ஒரு சொல்லைத் திருத்தினால் முடிந்தது. மூன்று டேபிள் என்றால் இங்கே அழித்து அங்கே புதிதாக எழுத வேண்டும். ஐடி மாறும், பழைய ஐடியை நம்பியிருக்கும் பணப் பட்டுவாடா பதிவு அந்தரத்தில் நிற்கும். அந்த விவசாயிக்குப் பணம் தாமதமாகும். ஒருவரின் ஆண்டு மொத்தம் கேட்டாலும் மூன்று இடத்தில் கூட்ட வேண்டும். ஃபீல்டுகள் எல்லாம் ஒத்துப்போனால், முதலில் இவை உண்மையில் வேறு வேறு பொருள்தானா என்று பாருங்கள்.

டிராக்டரும் அறுவடை மெஷினும் வாடகைக்கு விடும் தளம். உரிமையாளர், ஊர், மணி வாடகை இரண்டிலும் உண்டு. இதற்காவது பேஸ் கிளாஸ் சரிவருமா? (திருவாரூர்)

இவை வேறு பொருள்தான். மெஷின் பெல்ட்டா டயரா என்று கேட்பீர்கள்; டிராக்டருக்கு ரோட்டவேட்டர் உண்டா என்பீர்கள். இங்கே ஆப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ் சரி. அதற்கெனத் தனி டேபிள் உருவாகாது, ஃபீல்டுகள் அதை வாரிசாகப் பெறும் பிள்ளை மாடல்களின் டேபிளிலேயே வந்துவிடும். உரிமையாளரைச் சுட்டும் ஃபாரின் கீயில் (வேறு டேபிளின் பதிவைக் காட்டும் ஃபீல்டு) மட்டும் கவனம்: ரிலேட்டட் நேமை (உரிமையாளரிடமிருந்து அவர் வண்டிகளை எடுக்க உதவும் பெயர்) ஒரே பெயராக எழுதினால் இரண்டு பிள்ளைகளும் மோதி, ஜாங்கோ பிழை காட்டும். கிளாஸ் பெயர் தானாக நிரம்பும் குறியீட்டை அதில் வையுங்கள். அப்புறம், பிள்ளை மாடலில் தனியாக மெட்டா (மாடலின் அமைப்புகளைச் சொல்லும் உள் கிளாஸ்) எழுதினால் அதுவும் தாயின் மெட்டாவிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் ஆர்டரிங் (வரிசை முறை) போன்றவை விட்டுப்போகும்.

ஏற்கெனவே ஓடுகிற மாடல்களை இப்படி மாற்றினால் டேட்டா போய்விடுமா? (மன்னார்குடி)

போகாது. ஃபீல்டு பெயர், வகை, அமைப்பு எதுவும் மாறாவிட்டால் மைக்ரேஷனே (டேபிளின் அமைப்பை மாற்றும் படி) தேவைப்படாது.

முன்பதிவு டேபிள் டிராக்டரையோ மெஷினையோ, எதை வேண்டுமானாலும் சுட்ட வேண்டும். எப்படி? (மயிலாடுதுறை)

ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு டேபிள் இல்லாததால் அதை ஃபாரின் கீயால் சுட்ட முடியாது. இங்கே மல்ட்டி டேபிள் முறைக்குப் போங்கள்: 'வண்டி' என்று தாய் டேபிள், பிள்ளைகள் ஒன்றுக்கு ஒன்றாக அதோடு இணைந்திருக்கும். டிராக்டரை எடுக்கும்போதெல்லாம் ஒரு ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்த்துப் படிப்பது) கூடும். முன்பதிவு சரியாக நிற்க அந்தச் செலவு தகும். வெறும் டைப்பிங் மிச்சத்துக்காக மட்டும் இந்த முறையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.