புனோவில் விட்டுவந்தவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் மூன்று நண்பர்களும் பெருவில் பதினெட்டு நாள் முதுகுப்பையோடு சுற்றிவிட்டு வந்தோம். லீமாவிலிருந்து விமானத்தில் நேராக அமேசான் காட்டுக்கு, புவெர்த்தோ மால்டொனாடோ. அங்கிருந்து இரவு பஸ்ஸில் குஸ்கோ. அப்புறம் புனோ, டிட்டிகாக்கா ஏரி. அமந்தானி தீவில் ஒரு கெச்சுவாக் குடும்பத்தின் வீட்டில் தங்கிய இரவை வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஒரு நண்பருக்கு மட்டும் குஸ்கோவிலேயே தலைவலி, வாந்தி. புனோவில் எழவே முடியவில்லை. "நீங்க போங்கடா" என்று அவரே சொன்னதால் அறையில் விட்டுவிட்டுத் தீவுக்குப் போனோம். இத்தனைக்கும் எங்களில் தினமும் ஃபுட்பால் ஆடுகிறவர் அவர்தான். ஊர் திரும்பியதிலிருந்து அவர் எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. அடுத்த வருடம் பொலிவியா போக ஆசை. இனி தனியாகப் போவதுதான் நல்லதா? ஸ்பானிஷ் கற்க வேண்டுமா? பயணக் குறிப்புகளை இணைத்திருக்கிறேன், உங்கள் தளத்தில் வெளியிட முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

என்னோடு பெருவுக்கு வந்த நண்பர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் காது மூடிய கம்பளித் தொப்பி போட்டு நிற்பார். என் மகள் அதைக் காட்டி, "மாமா, அந்தத் தீவு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "நான் பார்த்ததில்லையேம்மா" என்றார். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சின்னக் கேள்விகள். ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எண்களும், 'மே துவெலே லா கபேசா' என்ற ஒரு வாக்கியமும் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். எனக்குத் தலை வலிக்கிறது என்று அர்த்தம். தனியாகவா நண்பர்களோடா என்பதை இப்போதைக்கு விடுங்கள்.

குறிப்புகளை முழுக்கப் படித்தேன். காட்டுப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. தம்போபாத்தா ஆற்றங்கரையில் மண் தின்ன வரும் பஞ்சவர்ணக்கிளிகள் உடனே இறங்காமல் மரத்துக்கு மரம் தாவி நேரம் கடத்துவதை, ஒன்று இறங்கியதும் அத்தனையும் இறங்குவதை எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த இடம் கண்ணில் நிற்கிறது. குஸ்கோ சுமார். இன்கா கற்சுவரின் முன் எல்லோரும் வியக்கும் வியப்பைத்தான் நீங்களும் வியந்திருக்கிறீர்கள். தீவுக்கு ஐந்து பக்கம். கினோவா சூப், முன்யா இலை போட்ட சுடுநீர், இரவல் உடையில் ஆடிய ஆட்டம் எல்லாம் இருக்கிறது. விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், யாருக்கும் வருமானம் தவறிவிடக்கூடாது என்பதற்காக என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனித்தவர்தான் புனோவில் படுத்திருந்த நண்பருக்கு ஒன்றரை வரி எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை வரி.

கோபமாகத்தான் எழுதுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

புவெர்த்தோ மால்டொனாடோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர். குஸ்கோ 3,400. நடுவில் அந்த பஸ் 4,700 மீட்டருக்கு மேலே ஒரு கணவாயில் ஏறி இறங்குகிறது. நீங்கள் தூங்கியிருப்பீர்கள், உடம்பு தூங்கியிருக்காது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் ஒரே ராத்திரியில் மூவாயிரத்துச் சொச்சம் ஏறியிருக்கிறீர்கள். காலையில் பையை வைத்துவிட்டு சக்சய்வாமன் கோட்டைக்கு வேறு ஏறியிருக்கிறீர்கள். தலைவலியும் வாந்தியும் வந்தவரை முந்தின நாள் தின்ற மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, இன்னும் 400 மீட்டர் மேலே புனோவுக்கு இழுத்துப் போயிருக்கிறீர்கள். அது உயரத்தால் வரும் நோய், அங்கே சொரோச்சே என்பார்கள். உயரத்தில் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை சொரோச்சே என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது அடங்கும்வரை ஒரு படிகூட மேலே போகக்கூடாது.

ஃபுட்பால் ஆடுகிறவருக்கு எப்படி என்று ஆச்சரியப்படுகிறீர்கள். உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏரிக்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதற்குப் பழக எல்லா உடம்புக்கும் நாள் வேண்டும், சிலருக்கு அதிக நாள் வேண்டும், யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. பலசாலிகள் பாவம், வேகமாக ஏறுவதாலேயே மாட்டிக்கொள்வார்கள். கோக்கா இலை டீ குடிக்கக் கொடுத்தோம் என்கிறீர்கள். குடிக்கலாம், இதமாக இருக்கும். அதை நம்பி மேலே ஏறக்கூடாது.

இதே பயணத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம். லீமாவிலிருந்து 2,300 மீட்டரில் இருக்கும் அரெகிப்பா, அங்கே இரண்டு மூன்று நாள், அப்புறம் புனோ, குஸ்கோ, கடைசியில் காடு. அதே இடங்கள், ஏறக்குறைய அதே செலவு.

சரி, இதெல்லாம் தெரியாமல் நடந்தது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, டிக்கெட் விற்றவர்களுக்குச் சொல்லத் தோன்றியிருக்காது. அதற்காக நான் உங்களைத் திட்டமாட்டேன். "அவரே போகச் சொன்னார்" என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தக் கோபமெல்லாம். காய்ச்சலில் கிடக்கும் நம் அம்மாக்கள் யாராவது "நீ போகாதே, கூட இரு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் நண்பரும் போங்கடா என்றுதான் சொல்வார். அது மட்டுமில்லை, சொரோச்சே முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். அப்போது தனக்கு என்ன ஆகிறது என்று அவருக்கே தெரியாது. அவர் சொன்னதை எப்படி ஐயா கணக்கில் எடுத்துக்கொண்டீர்கள்?

எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் புனோவில் அப்படிப் படுத்திருந்தேன், அப்படித்தான் சொன்னேன்.

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். இரண்டாம் இரவு, அசையாமல் படுத்திருக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, நான் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர் விளக்கைப் போட்டு என்னை எழுப்பி நிறுத்தி, தரையில் ஓடுகள் சேரும் கோட்டைக் காட்டி, ஒரு கால் விரலுக்கு முன் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து அதன் மேல் நடக்கச் சொன்னார். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி. மூன்றாவது அடியில் கட்டில் மேல் விழுந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கீழே ஓடினார். அன்று இரவு முழுக்க ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடிந்ததும் கீழே போய்விடுங்கள் என்றார் டாக்டர்.

கீழே போவது அங்கே எவ்வளவு சிரமம் என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. புனோவைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் அதே உயரத்துப் பீடபூமிதான். அரெகிப்பாவுக்குப் போகும் சாலை இறங்குவதற்கு முன்னால் 4,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. காரின் பின்சீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என் முகத்தில் மாஸ்க்கைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒட்டக இனத்து விக்குன்யாக் கூட்டம் மேய்ந்தது. அரெகிப்பாவின் மிஸ்டி எரிமலை கண்ணில் படும்போது எனக்கு மூச்சு சீராகியிருந்தது, சாயங்காலம் எனக்குப் பசித்தது.

டிட்டிகாக்கா அவருடைய ஆசை. பள்ளிக்கூட அட்லஸில் அந்த நீலத் திட்டைப் பார்த்த நாளிலிருந்து. அத்தனை தூரம் வந்து ஏரியை அவர் பார்த்தது விடுதி மாடியிலிருந்து மட்டும்தான். மூன்றாவது நண்பர் தீவுக்குப் போய்வந்தார், நாங்கள் இருவரும்தான் அனுப்பினோம். அவர் மேல் எங்கள் யாருக்கும் ஒரு துளி வருத்தம் இல்லை, ஏனென்றால் ஒருவர் என்னோடு இருந்தார். படத்தில் இருக்கும் அந்தத் தொப்பி, மூன்றாவது நண்பர் தீவிலிருந்து வாங்கிவந்தது. நீங்கள் மூன்று பேர் இருந்தீர்கள், ச. ஒருவர் இருந்திருக்கலாம்.

உங்களை இரக்கமில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய மௌனம் உங்களை உறுத்தியிருக்காவிட்டால் அதை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கமாட்டீர்கள்.

பொலிவியா போங்கள், ஆனால் லா பாஸில் நேராக இறங்காதீர்கள், அந்த விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல். சாந்தா குரூஸில் இறங்கி, கொச்சபாம்பாவில் சில நாள் தங்கி ஏறுங்கள்.

குறிப்புகளை வெளியிடுகிறேன், இப்போதில்லை. நண்பரின் வீட்டுக்கு நேரில் போங்கள், போனில் வேண்டாம். நீங்கள் தீவில் இருந்த அந்த ஒன்றரை நாள் அவருக்கு யார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஜன்னலில் என்ன தெரிந்தது, இரவில் தூங்கினாரா, பயந்தாரா என்று கேளுங்கள். இதுவரை கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, படகு கிளம்பும் பக்கத்துக்கு அடுத்ததாகச் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.