ஹார்ட் ராக் கிட்டார் ஒலி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் பாகம்) உள்ள கிட்டாரும் 20 வாட் பிராக்டிஸ் ஆம்ப்பும் இருக்கின்றன. ஏசி/டிசி ராக் குழு மாதிரி ஒலி வரட்டும் என்று கெயினை (ஒலியை முறுக்கேற்றும் குமிழை) 9-இல் வைத்தால் கார்டு எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. எதை மாற்றுவது?

பதில்: முதலில் கெயினை 4-க்கு இறக்குங்கள். 1970-களின் ஹார்ட் ராக் பதிவுகளில் இருக்கும் டிஸ்டார்ஷன் (கெயின் கூடும்போது வரும் கரகரப்பு), காதில் விழுவதைவிட மிகக் குறைவு. ஏசி/டிசி பாட்டில் கேட்கும் அந்தப் பருமன், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என இரண்டு கிட்டார்கள் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கை) அச்சுப் பிசகாமல் வாசிப்பதால் வருவது. குழுவின் அங்கஸ் யங் கையில் கிப்ஸன் எஸ்ஜி கிட்டார். அண்ணன் மால்கம் வைத்திருந்தது, பிரிட்ஜ் பிக்கப்பை (கம்பிகள் முடியும் பக்கத்தில் உள்ளதை) மட்டும் விட்டு மற்றதைக் கழற்றிய கிரெட்ச் கிட்டார். அதில் தடித்த கம்பிகள். மால்கமின் பக்கத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய கரகரப்பில்லாத கிளீன் ஒலிதான்.

இப்படித் தொடங்கலாம்: பிரிட்ஜ் பிக்கப், கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டும் 10. ஆம்ப்பில் பாஸ் (கீழ் ஒலி) 3, மிட் (நடு ஒலி) 7, ட்ரெபிள் (மேல் ஒலி) 6, பிரசென்ஸ் என்ற குமிழ் இருந்தால் 4. ரிவெர்ப் வேண்டாம். இப்போது திறந்த ஐந்தாம் கம்பியையும் நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டையும் சேர்த்து ஏ பவர் கார்டு அடித்து, அப்படியே ஒலிக்க விடுங்கள். அடித்த கணத்தில் நறுக்கென்று கடிக்க வேண்டும். ஓய ஓயத் தெளிய வேண்டும். கடைசிவரை ஒரே கரகரப்பாக இழுத்தால் கெயின் இன்னும் கூடுதல், அரைப் புள்ளி குறையுங்கள். அடுத்து திறந்த டி கார்டு. நான்கு கம்பிகளும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். மெலிந்துவிட்டதே என்று தோன்றும். கெயினைத் தொடாமல் பிக்கை அழுத்தி அடியுங்கள். மிச்சத்தைக் கைதான் தர வேண்டும்.

பிக்கப் உயரத்தையும் ஒரு தடவை பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால், பிரிட்ஜ் பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே 1.6 மி.மீ. இருப்பது நல்ல தொடக்கம். அதைவிட நெருங்கினால் தடித்த கம்பிகள் குழம்பும்.

கேள்வி: டிஸ்டார்ஷனில் பவர் கார்டு நன்றாக இருக்கிறது; முழு மேஜர் கார்டு மட்டும் நாராசமாக ஒலிப்பது ஏன்?

பதில்: இரண்டு சுரங்கள் டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாக வெளியே வரும். ஏ 110 ஹெர்ட்ஸ், அதன் மேல் ஈ 165. கழித்தால் 55, அதே ஏ, ஒரு ஸ்தாயி கீழே. இரண்டே கம்பிகளுக்கு அவ்வளவு கனம் வருவது இதனால்தான். ஸ–ப போல ஒட்டிப்போகும் ஜோடி. நடுவில் காந்தாரமாக சி ஷார்ப்பை, அதாவது 139-ஐ நுழைத்தால், கழித்து வருபவை 29-உம் 26-உம். ஒன்றோடொன்று சேராது, 55-க்குள்ளும் அடங்காது. அந்த உரசலைத்தான் கேட்கிறீர்கள். மூன்றாவது சுரம் வேண்டிய இடத்தில் கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்கி வாசியுங்கள்.

கேள்வி: அப்படி இறக்கினால் ஒலி போர்வை போர்த்தியது போல மங்கிவிடுகிறதே?

பதில்: வால்யூம் இறங்கும்போது கேபிளின் கெபாசிட்டன்ஸ் ட்ரெபிளைத் தின்றுவிடுகிறது. 1 நானோஃபாரட் கெபாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்கம் பக்கமாக இணைத்து, வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழுக்கு அடியில் உள்ள பாகத்தின்) உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே சால்டர் செய்யுங்கள். கேபிளும் 3 மீட்டர் போதும்.

கேள்வி: வீட்டில் பிரமாதமாக இருக்கும் செட்டிங், பேண்டோடு வாசிக்கும்போது காணாமல் போகிறது.

பதில்: மிட்டைக் குறைத்திருப்பீர்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவாகவே எட்டும். அதனால் வீட்டில் அவற்றை ஏற்றிவிடுகிறோம். பேண்டில் கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்ளும், மேலே சிம்பல். மிஞ்சுவது நடு, கிட்டாருக்கு இடம் அங்கேதான். ஆம்ப்பை நாற்காலி மேல் வைத்து, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி திருப்பி, பேண்டு வாசிக்கும் சத்தத்திலேயே செட்டிங்கைச் சரிசெய்யுங்கள். கணுக்காலுக்கு நேரே ஒலிக்கும் ஸ்பீக்கரின் ட்ரெபிள் உங்களுக்குக் கேட்காது. எதிரில் இருப்பவருக்குக் குத்தும்.

கேள்வி: ஒரு நிகழ்ச்சிக்குப் பழைய பாணி மார்ஷல் பிளெக்ஸி ஆம்ப் வாடகைக்குக் கிடைக்கிறது. நான்கு இன்புட் இருக்கிறது, மொத்தச் சத்தத்தைத் தனியே குறைக்கும் மாஸ்டர் வால்யூம் இல்லை. எப்படிக் கையாள்வது?

பதில்: கிட்டாரை முதல் சேனலின் மேல் இன்புட்டில் செருகுங்கள். அதே சேனலின் கீழ் இன்புட்டிலிருந்து இரண்டாம் சேனலின் மேல் இன்புட்டுக்கு ஒரு சிறிய பேட்ச் கேபிள். முதல் சேனல் கூர்மை தரும், இரண்டாவது உடம்பு தரும். முதலாவதை 6-இலும் இரண்டாவதை 3-இலும் வைத்துத் தொடங்குங்கள். மேடைக்கு இது மிக அதிகச் சத்தம். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, சத்தத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வையுங்கள். அந்த ஆம்ப்பின் வாட்டைத் தாங்குவதாக இருக்கட்டும்.

ஸ்பீக்கர் இணைக்காமல் பிளெக்ஸி போன்ற வால்வ் ஆம்ப்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகும். ஸ்பீக்கர் பெட்டி 16 ஓம் என்றால் பின்னால் உள்ள செலக்டரும் 16-இல் இருக்க வேண்டும். நடுவே போடுவது ஸ்பீக்கர் கேபிள். கிட்டார் கேபிள் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது.