மீன் கழிவில் மருந்துப் பொருள்: எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கேள்வி: திலேப்பியாவும் கெண்டையும் வளர்க்கிறேன். தனியாக ஓர் இறால் குளமும் உண்டு. மீனை முள் நீக்கிச் சதைத் துண்டுகளாக விற்கத் தொடங்கிய பின் தலை, தோல், செதில், முள், குடல் எல்லாம் நாள்தோறும் குவிகின்றன. இதுவரை குழி தோண்டிப் புதைத்து வந்தேன். இவற்றிலிருந்து கொலாஜன் (தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம்), ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து கிடைப்பது) எடுத்தால் மருந்து நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். கொட்டகையிலேயே எடுக்க முடியுமா? எதில் தொடங்குவது? இன்னொன்று: கெண்டையின் பித்தப்பையை விழுங்கினால் கண்ணுக்கும் மூட்டுக்கும் நல்லது என்கிறார் உறவினர் ஒருவர். உண்மைதானா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உயிர் ஆபத்து அதில்தான் இருக்கிறது. பித்தப்பையை யாரும் விழுங்கக் கூடாது. ரோகு, புல்கெண்டை, சாதாக்கெண்டை போன்றவற்றின் பித்தநீரில் சிப்ரினால் என்ற நச்சு இருக்கிறது. விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது ஈரலும் சிறுநீரகமும் அடிபட்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்து, டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. வேகவைத்தாலும் அந்த நச்சு அழிவதில்லை. உறவினரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் குவியலுக்கு வருவோம். மீனைச் சதைத் துண்டாக்கும்போது இனத்தைப் பொறுத்து உடல் எடையில் பாதிக்கும் மேல் கழிவாகப் போய்விடுகிறது. அதில் மருந்து இருக்கிறது என்பது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. 1874-இல் ஃபிரீட்ரிக் மீஷர் சால்மன் மீனின் விந்தில் புரோட்டமின் என்ற புரதத்தைக் கண்டார். இதய அறுவை சிகிச்சையின்போது இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். சிகிச்சை முடிந்ததும் அதன் வேலையை நிறுத்த இந்தப் புரோட்டமினைத்தான் ஏற்றுகிறார்கள். பிரேசிலில் தீக்காயத்தின்மேல் திலேப்பியாத் தோலைப் போர்த்திச் சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் காட் மீன் தோலிலிருந்து புண் ஆற்றும் பொருள் தயாராகி விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆனால் இவை எல்லாமே கிருமி நீக்கிய அறையில், ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துச் செய்யப்படுபவை. கொட்டகையில் கொலாஜன் மாத்திரை செய்யலாம் என்று யாராவது இயந்திரம் விற்க வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்களால் செய்யக்கூடியது வேறு. ஆலைக்குத் தேவையான மூலப்பொருளைக் கெடாமல், கலக்காமல் கொடுப்பது. வருமானம் வருவதற்கு நியாயமான வழி அதுதான். எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் கொட்டிய நிமிடமே அதன் மதிப்பு போய்விடுகிறது. குடலில் இருக்கும் செரிமான நொதிகள் மீன் செத்த பிறகும் ஓய்வதில்லை. அவை தோலையும் சதையையும் கரைக்கத் தொடங்கிவிடும். குடல் கிருமிகளும் கூடவே பரவும்.

முதலிடம் தோலுக்கு. உங்கள் குளத்துத் திலேப்பியாவுக்கு இதில் ஓர் இயற்கையான சாதகம் இருக்கிறது. குளிர்கடல் மீனின் கொலாஜன் 15 முதல் 20 டிகிரி செல்சியஸிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் வாழும் மீனின் கொலாஜனோ 30 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். மீன் வாழும் நீரின் வெப்பத்துக்கு ஏற்பவே அதன் கொலாஜனில் புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் கூடியோ குறைந்தோ இருக்கின்றன. அதனால்தான் ஆலைக்காரர்கள் திலேப்பியாத் தோலை விரும்பிக் கேட்கிறார்கள்.

தோல் தரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சின்னச் சோதனை ஒன்று உண்டு. ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிவிட்டு, தோலை விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, குளிர்ந்த நீரில் கலக்கிய மிக நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் போட்டு, குளிர்பெட்டியில் ஓரிரவு வையுங்கள். நல்ல தோல் பல மடங்கு உப்பி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ, விரலில் வழுக்கும். வெயிலில் கிடந்த தோல் அப்படி உப்பாது. ஓரங்கள் கூழாகி நீர் கலங்கும். ஆலையிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்குகிறார்கள்: நீர்த்த காரத்தில் மற்ற புரதங்களையும் கொழுப்பையும் கழுவிவிட்டு, குளிரிலேயே அமிலத்தில் கொலாஜனைக் கரைக்கிறார்கள். தோலை வெந்நீரில் கரைத்தால் கிடைப்பது ஜெலட்டின். அதை நொதியால் சிறு துண்டுகளாக நறுக்கினால் கடைகளில் தூளாக விற்கும் கொலாஜன் பெப்டைடு. மாட்டு, பன்றி ஜெலட்டினைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் மீன் ஜெலட்டினுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தூள் மூட்டுவலிக்குக் கேட்குமா என்றால், முழங்கால் வலி சற்றுக் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் அதைத் தயாரிப்பவர்கள்தான். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

செதிலில் ஏறக்குறையப் பாதி கொலாஜன், மீதி எலும்பில் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட் தாது. நன்றாகக் கழுவி உலர்த்தினால் நாள்பட இருக்கும், இடமும் அதிகம் பிடிக்காது. முள்ளையும் அப்படியே தனியாக உலர்த்தி வைக்கலாம்.

ஒமேகா-3 விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். மீன் தானாக அதை அதிகம் உற்பத்தி செய்வதில்லை. கடலின் நுண்பாசி செய்கிறது. உணவுச் சங்கிலி வழியாக அது மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் வந்து சேருகிறது. சூரைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பில் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 வகை நிறைய இருக்கும். அதை எடுப்பதையே தொழிலாக நடத்துகிறார்கள். தவிடும் புண்ணாக்கும் தின்னும் குளத்து மீனின் வயிற்றுக் கொழுப்பு, நாம் சமையலுக்கு வாங்கும் எண்ணெய்களையே பெரிதும் ஒத்திருக்கும். அதோடு மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் வேகமாகச் சிக்குப் பிடிக்கும். உண்ணத் தகுந்த எண்ணெயில், காற்றுப் பட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு மதிப்பு 5-க்குள் இருக்க வேண்டும் என்பது தொழில்துறையின் அளவுகோல். பெயிண்ட் வாடை வந்துவிட்டால் அதை மருந்தாக நினைக்க வேண்டாம். உங்கள் கொழுப்பைத் தீவனத்துக்குக் கொடுப்பதே சரி.

இறால் ஓட்டில் அதற்கு உறுதி தரும் கைட்டின், சுண்ணாம்பு, புரதம், செந்நிறம் தரும் அஸ்டாக்சாந்தின் ஆகியவை இருக்கின்றன. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் ஓடு நுரைத்துப் பொங்கும். சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயுவாக வெளியேறுவது அது. அடுத்து நீர்த்த காரத்தில் புரதம் போகும். மிஞ்சும் கைட்டினை 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் ஆகும். அதைக் கொண்டு இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணிகள் செய்கிறார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் காஸ்டிக் சோடா ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். கழிவுநீர் குளத்தில் கலந்தால் வளர்ப்பே முடிந்துவிடும். 100 கிலோ ஈர ஓட்டில் முக்கால் பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் கையில் மிஞ்சும் கைட்டின் 5 கிலோ அளவுதான். தலையைத் தனியாக, ஓட்டைத் தனியாகப் பிரித்து, உரித்த சில மணி நேரத்துக்குள் ஓட்டை உலர்த்திக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையில் நொதிகள் அதிகம். முதலில் கறுத்து நாறுவதும் அதுதான்.

வாங்குபவர் உங்களிடம் கேட்கப்போவது கொலாஜன் அளவை மட்டும் அல்ல. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகள் சதையில் மட்டுமல்ல, தோலிலும் சோதிக்கப்படும். பூஞ்சைக்காக எப்போதாவது மாலக்கைட் பச்சை போட்டிருந்தால் அதன் மிச்சம் மீன் கொழுப்பில் நீண்ட காலம் தங்கியிருக்கும். ஆகவே குளத்தில் என்ன போட்டீர்கள் என்ற பதிவேடு இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். அறுவடைக்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால் வெட்டும் மேசை பாதி சுத்தமானதுபோல்தான்.

மேசையருகே நான்கு பாத்திரங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: தோலுக்கு ஒன்று, செதிலுக்கு ஒன்று, தலைக்கும் முள்ளுக்கும் ஒன்று, குடலுக்கு ஒன்று. தோல் உடனே ஐஸுக்குள் போய், அன்றே உறைந்துவிட வேண்டும். பித்தப்பையைக் கத்தி கிழித்துவிட்டால் பச்சை நீர் பக்கத்துத் தோலையெல்லாம் கறையாக்கிவிடும். எனவே வயிற்றைத் திறந்ததும் அதை முழுசாகக் கிள்ளியெடுத்துத் தனியே புதைத்துவிடுங்கள்.

மிச்சக் குடலைப் புதைக்க வேண்டியதில்லை. கூழாக அரைத்து, பிளாஸ்டிக் பீப்பாயில், எடையில் 3 சதவீத அளவுக்கு ஃபார்மிக் அமிலம் கலந்து தினமும் கிளறுங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிஎச் 4-க்குக் கீழே நின்றால் அது அழுகாது. சில நாளில் குடலின் சொந்த நொதிகளே அதைத் திரவமாக்கிவிடும். அதைத் தீவனத்தில் புரதமாகச் சேர்க்கலாம். ஆனால் எந்த மீனின் குடலோ அதே இன மீனுக்கு அதைத் திரும்பப் போடாதீர்கள், நோய் சுற்றிவரும்.

தொடங்குவதற்கு முன், உறையவைத்த தோலில் ஒரு சிறு மாதிரியை மட்டும் ஆலைக்கு அனுப்பி, எவ்வளவு ஈரம், எந்த அளவுத் துண்டு, எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் வந்த பிறகு உறைபெட்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.